பதினொரு மணிக்கு வானம் வேண்டும்

காலை 8.40.

“போச்சு! வானமே போச்சு!”

கோளரங்கத்தின் உள்கதவைத் தள்ளிக்கொண்டு ஆபரேட்டர் ஓடி வந்தபோது டிக்கெட் அக்கா கவுண்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடமாக அதே நாற்காலி. ஊரில் பாதிப் பேரின் முகம் அவளுக்குத் தெரியும். அரை டிக்கெட்டுக்காக அவர்கள் குறைத்துச் சொன்ன பிள்ளைகளின் வயதும் தெரியும். லேசில் பதறுகிற ரகம் இல்லை.

“என்ன அத்தான், காலங்காத்தால வானத்தைத் தொலைச்சுட்டு வர்றீங்க?”

ஆபரேட்டர் அவளுடைய அக்கா புருஷன். இதே கட்டடத்தில் அவரைப் பார்த்து, பிடித்துப்போய், அவளே முன்னின்று முடித்துவைத்த சம்பந்தம். அதனால் அவரைக் கிண்டல் செய்யும் உரிமையை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

“விளையாடாதம்மா. எறும்புக்குள்ள விளக்கு இல்ல. யாரோ கழட்டிட்டாங்க.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

எறும்பு என்றால் வட்டக்கூடத்தின் நடுவே நிற்கும் கருவி. இரண்டு முனையிலும் பெரிய உருண்டை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு. வேறு என்ன பெயர் வைப்பது? அதன் வயிற்றுக்குள் முழங்கை நீளத்தில் ஒரே ஒரு கண்ணாடி விளக்கு. அந்த வெளிச்சம் உருண்டையின் பல்லாயிரம் துளை வழியே கூரையில் விழுந்தால்தான் நட்சத்திரம். விளக்கு இல்லையென்றால் எறும்பு வெறும் இரும்பு. புது விளக்கு கப்பலில் வந்து சேர மூன்று மாதம் ஆகும். உபரியாக ஒன்று வாங்கிவைக்கலாம் என்று போன வருடம் இயக்குநர் மேடம் மனுப் போட்டார். நகரசபை நிதிக்குழுத் தலைவர் அதன் மேல் சிவப்பு மையால் ஒரே கோடாகக் கிழித்துத் திருப்பி அனுப்பினார்.

அவரைத்தான் ஊரே கத்திரி கவுன்சிலர் என்கிறது. எந்தச் செலவைக் கண்டாலும் கத்திரிக்கோல். “பட்டப்பகல்ல காசு குடுத்து இருட்டைப் பாக்க ஒரு கட்டடமா? ராத்திரி மொட்டைமாடிக்குப் போனா வானம் இலவசம்!” என்று அவர் சபையில் பேசியதற்கு மேசை தட்டாத ஆளில்லை. அந்த நிதிக்குழு இன்று பதினொரு மணிக்குக் காட்சி பார்க்க வருகிறது. பார்த்துவிட்டு இங்கேயே வாக்கெடுப்பு. கோளரங்கம் இருப்பதா, பூட்டுவதா என்று முடிவு. அவர் வெட்டப்போகும் பட்டியலின் ஏழாவது வரியில் ‘டிக்கெட் கிழிப்பவர்’ என்று இருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். பதினான்கு வருட உழைப்புக்கு இரண்டு வார்த்தை, அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு.

“அத்தான், முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க,” என்றாள். “யாரும் எதையும் தொட வேண்டாம். மேடத்துக்கு நான் சொல்றேன்.”

காலை 9.15.

எஸ்.ஐ. வந்தார். இளைஞர். மொடமொடப்பான சட்டை, அதைவிட மொடமொடப்பான பேச்சு. பூட்டு உடையவில்லை என்று பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார். ஆபரேட்டரின் மேசையில் எப்போதும் இருக்கும் சாமான்கள்தான்: காட்சி நேரத்தில் பிடித்துக்கொள்ள சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச், நூலில் கட்டிய நீலப் பேனா, தினசரி நோட்டு. இழுப்பறைக்குள் வெள்ளைப் பருத்திக் கையுறை.

“இது எதுக்கு?”

“விளக்கைத் தொடறதுக்கு சார்,” என்றார் ஆபரேட்டர். “வெறுங்கையால தொட்டா விரல்ல இருக்கற எண்ணெய் கண்ணாடியில ஒட்டிக்கும். சூடானதும் அந்த இடத்துல வெடிச்சிடும். ரெண்டு ஜோடி இருக்கணுமே... ஒண்ணுதான் இருக்கு.”

“அப்ப கையுறை போட்டுத்தான் கழட்டியிருக்கான். எப்படிக் கழட்டணும்னு தெரிஞ்சவன்.” எஸ்.ஐ. அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தக் கட்டடத்துல அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத்தான்,” என்றார் அந்த அப்பாவி.

அடுத்த நிமிடமே அவரைச் சாமான் அறையில் ஒரு கான்ஸ்டபிளோடு உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம்தான் எஸ்.ஐ. தினசரி நோட்டைப் புரட்டினார். நேற்றைய பக்கம். டிக்கெட் அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கடைசிக் காட்சி தொடக்கம் நான்கு மணி என்று நீலத்தில் ஒரு வரி. முடிவு நாலே முக்கால் என்று நீலத்தில் இன்னொரு வரி. இரண்டுக்கும் இடையில் கிடந்த இடத்தில், கொட்டை எழுத்தில், சிவப்பு மையில்:

‘4.20. விளக்கு துடிக்கிறது. இனி தாங்காது. புதுக் கருவி இல்லாமல் முடியாது.’

“ஆக, விளக்கு கெட்டுப்போச்சு,” என்றார் எஸ்.ஐ. “கமிட்டி முன்னால மானம் போயிடும்னு ஆபரேட்டரே கழட்டி ஒளிச்சுட்டு, திருட்டுப்போச்சுன்னு கூச்சல் போடறார். கேஸ் முடிஞ்சுது.”

இயக்குநர் மேடம் நாற்காலியில் சரிந்தார். “அவரா? இருபத்தஞ்சு வருஷமா அந்த மெஷினைக் குழந்தை மாதிரி...”

டிக்கெட் அக்காவுக்குத் தன் அக்காவின் நினைப்பு வந்தது. அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? ஆனால் அதே நேரம் ஏதோ ஒன்று உறுத்தியது.

“சார், நேத்து நாலு மணிக் காட்சிக்கு எழுபத்திரண்டு பேர் உள்ள போனாங்க. விளக்கு துடிச்சிருந்தா அத்தனை பேரும் வெளிய வந்து என் கவுண்டர்லதான் சண்டை போட்டிருப்பாங்க. ஒருத்தர் வாயைத் திறக்கல. சந்தோஷமா போனாங்க.”

“நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா.”

சரி, பார்க்கிறேன் என்று அவள் கவுண்டருக்குப் போனாள். போய், வருகிறவர்கள் பை, பெட்டியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடும் சாமான் நோட்டை எடுத்து விரித்தாள்.

காலை 9.40.

எஸ்.ஐ. பின்னாலேயே வந்து நிற்க வேண்டியதாயிற்று. நேற்று மாலை யார் யார் உள்ளே இருந்தார்கள் என்பது அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

“சொல்லுங்க. அஞ்சு மணியிலேருந்து.”

“அஞ்சு மணிக்குக் கவுன்சிலர் செலவுக்கணக்குப் பாக்க வந்தார். அவர் பையைக் கவுண்டர்ல வச்சு நோட்டுல கையெழுத்துப் போட்டார். அஞ்சு பத்துக்குக் கோட்டு வந்தார்.”

கோட்டு என்றால் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒரு விற்பனையாளர். கம்ப்யூட்டரில் ஓடும் புதுவகைப் படக்கருவி விற்கிறவர். ஆறு மாதமாக மேடத்தின் அறை வாசலில் தவம். சினிமா தியேட்டர்களுக்கு விளக்கும் கருவியும் விற்றே முன்னுக்கு வந்தவர் என்று அவரே எல்லோரிடமும் பெருமையடிப்பார்.

“அவர் எதுக்கு?”

“கூரையை அளக்க. கூடவே டெமோ மெஷின்னு ஒரு கறுப்புப் பெட்டி. அஞ்சு இருபதுக்குக் கவுன்சிலர் கரண்ட் மீட்டரைப் பாக்கணும்னு அத்தானைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போயிட்டார். அப்ப கோட்டு மட்டும் உள்ள. அஞ்சே முக்காலுக்குக் கோட்டு வெளிய வந்து, நாளைக்குக் கமிட்டிக்குக் காட்டணும்னு பெட்டியை என்கிட்ட வச்சுட்டுப் போனார். அதுக்கப்புறம் கவுன்சிலர் கார் வர்ற வரைக்கும் பத்து நிமிஷம் வட்டக்கூடத்துல தனியா உக்காந்திருந்தார். ஆறு மணிக்கு அத்தான் பூட்டினார். காட்சி முடிஞ்சதும் எறும்பு மேல துணி போத்திடுவார். அதனால உள்ள விளக்கு இருக்கா இல்லையான்னு தெரியாது.”

“வெளிய எடுத்துட்டுப் போனது?”

“யாராலயும் முடியாது சார். போன வருஷம் ஒரு மகராசன் விண்கல்லைச் சட்டைக்குள்ள போட்டுட்டுப் போனதுலேருந்து, வெளிய போற எல்லாரையும் வாட்ச்மேன் சோதிக்கிறார். கவுன்சிலர் பையையும் விடல. அவருக்கு ஒரே கோபம். கோட்டு வெறுங்கையோட போனார்.”

சொல்லிக்கொண்டே அவள் சாமான் நோட்டைப் பார்த்தாள். நேற்றைய கடைசி இரண்டு கையெழுத்து. கவுன்சிலருடையது சிவப்பு. அதற்குக் கீழே கோட்டுடையதும் சிவப்பு. அப்போதுதான் உறுத்திய முள் எது என்று தெரிந்தது. அவள் நோட்டைப் பட்டென்று மூடினாள்.

காலை 10.10.

கத்திரி கவுன்சிலர் முன்கூட்டியே வந்துவிட்டார். கையில் பட்டியல், சட்டைப்பையில் சிவப்புப் பேனா. விளக்கு காணோம் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஒரு விளக்கைக் காப்பாத்தத் தெரியாதவங்க கையில வரிப்பணத்தைக் குடுக்கச் சொல்றீங்க! நேத்தே சொன்னேன். பூட்டுங்கய்யா.”

பின்னாலேயே கோட்டு. முகத்தில் அப்படியொரு பரிவு. “மேடம், நடந்தது நடந்துபோச்சு. பழைய மெஷின், என்ன பண்றது? நல்லவேளை, என் டெமோ மெஷின் கையிலயே இருக்கு. பதினோரு மணிக்கு அதுல படம் போட்டுக் காட்டி மானத்தைக் காப்பாத்திடலாம். ஒரு ஆர்டர் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, போதும்.”

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேனாவைத் தேடவே ஆரம்பித்துவிட்டார்.

“அக்கா, அந்தப் பெட்டியைக் குடுங்க,” என்று கோட்டு கவுண்டர் பக்கம் கை நீட்டினார்.

டிக்கெட் அக்கா பெட்டியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “குடுக்கறேன் சார், எங்க போயிடப் போகுது? எஸ்.ஐ. சார், எனக்கு அஞ்சு நிமிஷம் இருட்டு வேணும்.”

“என்னது?”

“எல்லாரும் வட்டக்கூடத்துக்கு வாங்க. அத்தானையும் கூட்டிட்டு வாங்க. அந்த தினசரி நோட்டும் வேணும். அஞ்சு நிமிஷத்துல நான் சொல்றது தப்புன்னா, அந்தப் பட்டியல்ல ஏழாவது வரியை நானே வெட்டிக்கிறேன்.”

கவுன்சிலர் புருவத்தை உயர்த்தினார். “பார்ப்போமே,” என்றார்.

காலை 10.25.

அந்தப் பெட்டியையும் உள்ளே தூக்கி வந்து வைத்துவிட்டுக் கதவை மூடினாள். விளக்கை அணைத்தாள். கும்மிருட்டு. யாரோ யார் காலையோ மிதித்தார்கள்.

“நேத்து நாலு இருபதுக்கு இந்தக் கூடம் இப்படித்தான் இருந்துச்சு,” என்றது அவள் குரல். “காட்சி நடுவுல வெள்ளை வெளிச்சம் ஒரு பொட்டு பட்டாலும் இருட்டுக்குப் பழகின ஜனங்களோட கண்ணு கெட்டுப்போயிடும். அப்புறம் பத்து நிமிஷத்துக்கு மங்கலான நட்சத்திரம் எதுவும் தெரியாது. அதனால ஆபரேட்டருக்கு இந்த ஒரு டார்ச்சுதான். சிவப்பு.”

டார்ச் எரிந்தது. மேசை மேல் விரித்த நோட்டின் மீது இரத்தச் சிவப்பில் ஒரு வட்டம்.

“எஸ்.ஐ. சார், நேத்து எழுதினதைப் படிங்க.”

“கடைசிக் காட்சி தொடக்கம், நாலு மணி.” நீல மை கரிக்கட்டை மாதிரி கறுப்பாகத் தெரிந்தது. “முடிவு, நாலே முக்கால். அப்புறம்...” எஸ்.ஐ. குனிந்தார். மூக்கு நோட்டில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். “எங்க அந்த வரி? இங்கதானே இருந்துச்சு!”

“இருக்கு சார். அங்கயேதான் இருக்கு.”

சுவிட்சைப் போட்டாள். கூடம் வெளிச்சமானது. சிவப்பு எழுத்து ‘ஈ’ என்று இளித்துக்கொண்டு நின்றது. அணைத்தாள், டார்ச் வெளிச்சத்தில் அந்த இடம் வெறும் காகிதம். எஸ்.ஐ. வாயைப் பிளந்தார்.

“சிவப்பு வெளிச்சத்துல சிவப்பு மை தெரியாது. எழுதறவனுக்கே தெரியாது. வேலைக்குச் சேந்த முதல் வாரம் இந்த மேசைக்கு ஒரு சிவப்புப் பேனாவைக் கொண்டுவந்து அத்தான்கிட்ட நான் வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம்தான் நீலப் பேனாவை நூல்ல கட்டினார். இருட்டுல வேலை பாக்கற எவனும் சிவப்புல எழுதமாட்டான். இது நாலு இருபதுக்கு எழுதினது இல்ல. அத்தான் எழுதினதும் இல்ல. பின்னாடி, விளக்குப் போட்ட கூடத்துல, வேற ஒருத்தர் சாவகாசமா எழுதினது.”

“அட ஆமா!” என்று ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டார். “என்கிட்ட ஒருத்தரும் நோட்டைக் காட்டலையே! காட்டியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே!”

அவள் எல்லா விளக்கையும் போட்டாள். ஒரே நேரத்தில் எல்லோருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. கவுன்சிலரின் சட்டைப்பைக்கு.

“ஏய், என்னம்மா இது?” அவர் முகம் வெளுத்துவிட்டது. “என்னைத் திருடன்னு சொல்றியா?”

“உங்க பேனா சிவப்பு. கோட்டு சாரோட பேனாவும் சிவப்பு. ரெண்டு பேரும் என் சாமான் நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரெண்டு பேருமே இங்க தனியா இருந்திருக்கீங்க. ஆனா கையுறை ஒரு ஜோடி காணோமே சார்! உங்களுக்கு விளக்கை வெட்டத்தான் தெரியும். கழட்டத் தெரியாது. நீங்க எடுத்திருந்தா வெறுங்கையால பிடுங்கியிருப்பீங்க.”

கவுன்சிலர் திட்டு வாங்குகிறோமா, விடுதலை வாங்குகிறோமா என்று புரியாமல் நின்றார்.

“எடுத்தவருக்கு விளக்கு தெரியும், இருட்டு தெரியாது. அத்தானுக்கு ரெண்டும் தெரியும். உங்களுக்கு ரெண்டும் தெரியாது. விளக்கு வித்துப் பிழைச்சு, நட்சத்திரக் கூடத்துல ஒருநாளும் வேலை பாக்காத ஆளு இங்க ஒருத்தர்தான்.”

கோட்டு சிரிக்கப் பார்த்தார். “கதை நல்லாத்தான் இருக்கு அக்கா. நான் வெறுங்கையோட போனதை வாட்ச்மேன் பாத்தாரே. விளக்கை முழுங்கிட்டேனா?”

“வெளிய கொண்டுபோனாத்தானே சோதனை? உள்ளயே வச்சுட்டுப் போனா யாரு சோதிப்பா?” அவள் குரல் உயர்ந்தது. “உடைக்கவும் உங்களால முடியாது. உள்ள காத்தை அழுத்தி அடைச்ச விளக்கு, உடைஞ்சா வெடிச்சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். அதனால என்ன பண்ணீங்க? பெட்டியோட உள்ள போனீங்க. பெட்டியோட வெளிய வந்தீங்க. என் காலடியில வச்சு, ‘அக்கா, பத்திரமா பாத்துக்கோங்க’ன்னு சொன்னீங்க. நானும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காவல் காத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

“அது கம்பெனி சீல் வச்ச பெட்டி. வாரண்ட் இல்லாம...”

“பதினோரு மணிக்கு நீங்களே திறந்து காட்டப்போற பெட்டிதானே?” என்றார் எஸ்.ஐ. “இப்பவே திறங்க.”

கோட்டு பெட்டியின் பக்கம் குனிந்தார். நெற்றியில் வியர்வை கொட்டியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த மனிதர் கோட்டைக் கழற்றினார்.

காலை 10.38.

டெமோ மெஷினுக்குக் கீழே பஞ்சு மெத்தை. மெத்தைக்குக் கீழே, காணாமல் போன ஜோடி வெள்ளைக் கையுறையில் பச்சைக் குழந்தையைப் போலப் பொதிந்து, எறும்பின் விளக்கு.

ஆபரேட்டர் அழுதேவிட்டார். “ஒரு கீறல்கூட இல்ல, ஒரு கீறல்கூட இல்ல,” என்று நூறு தடவை சொன்னார்.

“அழுது அதுல கண்ணீரை விட்டுடாதீங்க அத்தான். கையுறையைப் போடுங்க. இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு.”

பழைய மெஷின் ஓடாமல் நின்றால் புது மெஷின் ஆர்டர் தானாக வந்து விழும் என்று கணக்குப் போட்டதைக் கோட்டு கான்ஸ்டபிளிடம் முணுமுணுத்துக்கொண்டே போனார். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிவிட்டு டிக்கெட் அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

“உங்க வேலையைப் பாருங்கன்னு சொன்னேன். மன்னிச்சுக்கோங்கம்மா.”

“அதைத்தான் சார் பாத்தேன்,” என்றாள் அவள்.

காலை 11.00.

நிதிக்குழுவின் ஐந்து பேரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கதவு மூடியது. மெல்ல மெல்ல இருட்டு. அரை நிமிடம் எதுவும் இல்லை. டிக்கெட் அக்கா கதவோரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பொருத்தியது சரியாக இருக்க வேண்டுமே, எரிய வேண்டுமே!

எரிந்தது. எறும்பு சன்னமாக முனகியது. தலைக்கு மேலே ஆயிரம், பத்தாயிரம் என்று நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. கூரையும் சுவரும் எங்கே போயின என்று தெரியவில்லை.

“அடேயப்பா!”

குரல் யாருடையது என்று பார்த்தாள். கத்திரி கவுன்சிலர்! அப்புறம் முக்கால் மணி நேரத்துக்கு அவரிடமிருந்து சத்தமே வரவில்லை.

காட்சி முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. மற்ற நால்வரும் காத்திருந்தார்கள்.

“மொட்டைமாடிக்குப் போனா வானம் இலவசம்னு பேசினேன்,” என்றார் கடைசியில். “நேத்து ராத்திரி போய்ப் பாத்தேன். தெருவிளக்கும் கடைவிளக்கும் போக, எண்ணி ஏழு நட்சத்திரம்தான் தெரிஞ்சுது. மிச்சத்தையெல்லாம் இங்க வச்சிருக்கீங்க.” பட்டியலை விரித்தார். “எங்கம்மா, வெளிச்சம் காட்டு. கையெழுத்துப் போடணும்.”

கூடத்து விளக்கை இன்னும் போடவில்லை. டிக்கெட் அக்கா அந்தச் சிவப்பு டார்ச்சை எடுத்துப் பட்டியலின் மேல் பிடித்தாள்.

அவர் ஒரு வாரம் உட்கார்ந்து போட்ட வெட்டு ஒன்றுகூட அங்கே இல்லை. ஒரு கோடு கிடையாது, ஒரு அடித்தல் கிடையாது. உபரி விளக்கு முழுதாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான காட்சிகள் முழுதாக இருந்தன. ஏழாவது வரியில் டிக்கெட் கிழிப்பவர் ராணி மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

“எங்க இருட்டுல உங்க வெட்டு எதுவும் தெரியல சார்,” என்றாள்.

கவுன்சிலர் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மற்ற நால்வருக்கும் தொற்றிக்கொண்டது. சட்டைப்பைக்குப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, மேசையிலிருந்த நீலப் பேனாவை எடுத்தார். எல்லா வரிக்கும் சேர்த்துக் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: ‘தொடரலாம்.’ ஏழாவது வரிக்கு மட்டும் பக்கத்தில் தனியாக ஒன்று எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். ‘அவசியம்.’

ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆபரேட்டர் எறும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேடம் டிக்கெட் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவளும் அழுதாள், யார் பார்த்தால் என்ன, அழுவதற்கு இதைவிட நல்ல நாள் எது?

பேச்சும் சிரிப்புமாகக் கவுன்சிலர் பேனாவைப் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். இரண்டடி போனதும் நூல் இழுத்தது. திரும்பிப் பார்த்தார்.

“பேனாவை வச்சுட்டுப் போங்க சார்,” என்றாள் டிக்கெட் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “வரிப்பணத்துல வாங்கினது.”